ஐந்து நாள் முன்னே, இரண்டு நாள் பின்னே

பிறந்த மூன்றாம் நாள் ஒரு குழந்தையின் நெற்றியிலும் வயிற்றிலும் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் தெரிகின்றன. இன்னொரு குழந்தைக்கு அதே கொப்புளங்கள் ஏழாம் நாள்தான் எட்டிப் பார்க்கின்றன. இரண்டுக்கும் வந்திருப்பது சின்னம்மை. இரண்டுமே அதைத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே வாங்கி வந்தவை. யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், மூன்றே நாள் வயதான பச்சைக் குழந்தைக்குத்தான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். குழந்தைநல மருத்துவர் அப்படிச் சொல்ல மாட்டார். மூன்றாம் நாள் கொப்புளம் கண்ட குழந்தை பெரும்பாலும் தானாகத் தேறிவிடும் என்பார். ஏழாம் நாள் கண்ட குழந்தையைத்தான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்.

இந்தப் புதிருக்கு விடை தாயின் நாட்காட்டியில் இருக்கிறது. அவளுக்கு முதல் கொப்புளம் தோன்றியது என்றைக்கு, பிரசவம் ஆனது என்றைக்கு, இடையில் எத்தனை நாள்?

சின்னம்மையை உண்டாக்கும் வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ் மூச்சு வழியாக உள்ளே நுழைகிறது. தொண்டைப் பகுதியில் பெருகி, ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் தொற்றிக்கொண்டு உடம்பெங்கும் பயணம் போகிறது. தொற்றிய நாளிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள் தோலில் கொப்புளம் வெடிக்கும். நிறைமாத கர்ப்பிணியாக இருந்தால், ரத்தத்தில் திரியும் அந்த வைரஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்கும் போய்விடக்கூடும். அதே சமயத்தில் தாயின் உடம்பு எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது. அவற்றில் ஐஜிஜி என்ற வகை மட்டுமே நஞ்சுக்கொடியைத் தாண்டும். போதுமான அளவு உருவாகி, குழந்தையிடம் போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து நாளாவது வேண்டும்.

அந்த ஐந்து நாள் கிடைத்துவிட்டால் குழந்தைக்கு வைரஸும் வந்திருக்கும், அதை அடக்கும் ஐஜிஜியும் வந்திருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பிறந்த நான்கு நாளுக்குள் கொப்புளம் வந்தாலும் நோய் லேசாகவே போய்விடுகிறது. தாய்க்குக் கொப்புளம் வந்து ஐந்து நாளுக்குள் பிரசவம் ஆகிவிட்டால், அல்லது பிரசவம் ஆகி இரண்டு நாளுக்குள் கொப்புளம் வந்தால், நிலைமை வேறு. தொப்புள்கொடி வழியாக வைரஸ் மட்டும் வந்து சேர்ந்திருக்கும். எதிர்ப்பொருள் வருவதற்குள் கொடியை அறுத்தாகிவிட்டது. பிறந்த குழந்தையின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்கள் இந்த வைரஸைச் சமாளிக்கும் அளவுக்குப் பக்குவப்பட்டவை அல்ல. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் கொப்புளங்கள் கிளம்பும். அதோடு நுரையீரல், கல்லீரல், சில நேரம் மூளை என்று வைரஸ் உள்ளுறுப்புகளையும் தாக்கும்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் ஜோயல் மேயர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர். 1974இல் அவர் பழைய நோயாளிக் குறிப்புகளைத் திரட்டி, தாய்க்கு நோய் கண்ட நாளையும் குழந்தைக்கு நோய் கண்ட நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆபத்தான அந்த ஏழு நாள் இடைவெளியில் சிக்கி, நோயும் வந்த குழந்தைகளில் சுமார் 30 சதவீதம் இறந்துபோனதாகப் பாடநூல்கள் இன்றும் சொல்லும் கணக்கு, அந்தக் காலத்துச் சிறு தொகுப்புகளிலிருந்து வந்ததுதான். இதை அப்படியே நம்பிப் பதற வேண்டியதில்லை. மருத்துவ இதழில் இடம்பிடிப்பது எப்போதுமே மோசமான நோயாளிகளின் கதை. லேசாக வந்து போனதை யாரும் உட்கார்ந்து எழுதி அனுப்புவதில்லை. பிறந்த குழந்தைக்கு எதிர்ப்பொருளையே நேரடியாகச் செலுத்தும் ஊசி வந்த பிறகு இந்த விகிதம் 7 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கிறது. ஆனாலும் சாதாரணமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்து ஒரு வாரத்தில் போய்விடும் நோய்க்கு 7 என்பதுகூடப் பயங்கரமான எண்தான்.

ஆனால் ஒரு கர்ப்பிணிக்கு அம்மை போட்டுவிட்டது என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுவல்ல. குழந்தை ஊனமாகப் பிறந்துவிடுமா என்பதுதான். மூன்று மாதக் கர்ப்பத்தில் நாலு கொப்புளம் வந்ததற்காகக் கருவைக் கலைத்துவிடலாமா என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1941இல் சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் வருவதைக் கவனித்து, அவர்களுடைய தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்ததைக் கண்டுபிடித்தார். லேசான தடிப்பு நோய் என்று அலட்சியமாக விடப்பட்ட ஒன்று கருவைச் சிதைக்கும் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதன்பிறகு மருத்துவர்கள் மற்ற அம்மை வகைகளையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். 1947இல் லாஃபோரே, லிஞ்ச் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். ஒரு கால் சூம்பியிருந்தது, மூளையிலும் கண்ணிலும் பாதிப்பு இருந்தது. தாய்க்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் சின்னம்மை வந்திருந்தது. ஒரே ஒரு குழந்தை. தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா? சின்னம்மைக்கும் பிறவிக் குறைக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா என்ற கேள்வி 1970கள் வரை மருத்துவ இதழ்களில் இழுபறியாகவே இருந்தது.

இழுபறி தீர ஓர் எண்ணிக்கை தேவைப்பட்டது. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் வைரஸ் ஆய்வுக்கூடம் நடத்திய கிசெலா எண்டர்ஸ், பிரிட்டிஷ் ஆய்வாளர்களோடு சேர்ந்து, கர்ப்ப காலத்தில் சின்னம்மை வந்த 1,373 பெண்களைப் பிரசவம் வரையிலும் அதற்குப் பிறகும் தொடர்ந்து கவனித்தார். 1994இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. 1,373 பேரில் ஒன்பது குழந்தைகளுக்கு மட்டுமே சின்னம்மைக்கே உரிய பிறவிப் பாதிப்புகள் இருந்தன. முதல் 12 வாரத்தில் நோய் வந்த 472 பேரில் இரண்டு குழந்தைகள்: 0.4 சதவீதம். 13 முதல் 20 வாரத்துக்குள் வந்த 351 பேரில் ஏழு குழந்தைகள்: 2 சதவீதம். அந்த ஆய்வில் 20 வாரத்தைத் தாண்டிய பிறகு ஒன்றுகூட இல்லை. பின்னர் வேறு சில அறிக்கைகளில் 20 வாரத்துக்குச் சற்றுப் பின்னும் அபூர்வமாகத் தென்பட்டதால், இப்போது மருத்துவர்கள் 28 வாரம் வரை என்று எல்லை போடுகிறார்கள்.

இதையே திருப்பிப் படித்தால், மிக மோசமான காலகட்டத்தில் அம்மை வந்த நூறு தாய்மார்களில் 98 பேருக்கு இந்தப் பாதிப்பு இல்லாத குழந்தை பிறக்கிறது. அம்மை வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கருவைக் கலைக்கும் யோசனைக்கு இந்த எண்கள் இடம் தருவதில்லை. நோய் வந்து ஐந்து வாரமாவது கழித்து விவரமாக ஒரு ஸ்கேன் எடுத்து, கை கால் வளர்ச்சியையும் தலையின் அளவையும் பார்ப்பதுதான் வழக்கம். பனிக்குட நீரை எடுத்து பிசிஆர் சோதனை செய்யவும் முடியும். அதில் வைரஸ் இல்லை என்று வந்தால் பெரிய நிம்மதி. இருக்கிறது என்று வந்தாலோ, அது குழந்தைக்குப் பாதிப்பு உண்டு என்பதற்குச் சான்றாகாது. வைரஸ் வந்துபோன பல குழந்தைகள் எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கிறார்கள்.

பாதிக்கப்பட்ட அந்தச் சில குழந்தைகளின் உடம்பில் காணப்படும் குறைகள் விசித்திரமானவை. தோலில் வளைந்து வளைந்து ஓடும் தழும்பு, பெரும்பாலும் உடம்பின் ஒரே பக்கத்தில், அந்தத் தழும்பு இருக்கும் அதே கையோ காலோ வளராமல் குட்டையாக நிற்பது, கண் சிறுத்துப்போவது, விழித்திரையில் வடு, கண்புரை, மூளை சுருங்கியிருப்பது, சிறுநீரும் மலமும் கட்டுப்படாமல் போவது. ரூபெல்லாவைப் போல இதயத்தையோ காதையோ குறிவைப்பது இதன் பாணி அல்ல. ஏன் தழும்பு ஒரு பட்டையாக ஓட வேண்டும்? ஏன் ஒரு காலை மட்டும் பிடிக்க வேண்டும்?

இதற்கு விளக்கம் அக்கியில் இருக்கிறது. நம் ஊரில் காவி கொண்டு எழுதிக்கொள்வார்களே, அதே அக்கிதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, புடாபெஸ்ட் நகரத்தின் யானோஷ் போகாய் என்ற மருத்துவர், அக்கி வந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்திருந்தார். இரண்டும் ஒரே வைரஸின் வேலை என்பதை 1950களில் ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்தவர் ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் வெல்லர். (சின்னம்மை வைரஸை வளர்க்கப் பார்த்து 1948இல் அவர் செய்த ஒரு சோதனையில் குடுவைகள் சில மிச்சமாயின. சும்மா போவானேன் என்று அவற்றில் போலியோ வைரஸைப் போட்டுப் பார்த்தார். அது செழித்து வளர்ந்தது. 1954இல் நோபல் பரிசு வந்தது போலியோவுக்குத்தான்.) சின்னம்மை ஆறிய பிறகும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. முதுமையிலோ உடம்பு தளரும்போதோ விழித்துக்கொண்டு, அந்த நரம்பு போகும் பாதை முழுக்கப் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்புகிறது.

வயிற்றில் இருக்கும் கருவுக்கும் இதுதான் நடக்கிறது என்பது 1987இல் ஜப்பானிய மருத்துவர்கள் முன்வைத்த கருத்து. இன்று பரவலாக ஏற்கப்படுவதும் அதுதான். தாயிடமிருந்து வைரஸ் வந்து கருவின் நரம்பு முடிச்சில் உட்காருகிறது. வளர்ந்தவர்களிடம் பல பத்தாண்டுகள் தூங்கும் அது, எதிர்ப்பு அணுக்கள் இன்னும் தயாராகாத கருவிடம் சில வாரங்களிலேயே விழித்துவிடுகிறது. அதாவது, பிறக்காத குழந்தைக்கு வயிற்றுக்குள்ளேயே அக்கி வருகிறது. கை முளைத்து வளரும் பருவத்தில் அந்தக் கைக்குப் போகும் நரம்பு வெந்துபோனால், நரம்பின் தூண்டுதல் இல்லாத கை வளர்ச்சி குன்றிவிடுகிறது. தழும்பும் குறையும் ஒரே பட்டையில் ஏன் அமைகின்றன என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

நல்ல செய்தி ஒன்றும் இதில் உண்டு. கர்ப்பிணிக்கு வந்தது சின்னம்மை அல்ல, அக்கி என்றால் கருவுக்குப் பயமில்லை. எண்டர்ஸின் அதே ஆய்வில் அக்கி வந்த 366 கர்ப்பிணிகளும் இருந்தார்கள். ஒரு குழந்தைகூடப் பாதிக்கப்படவில்லை. தாய்க்குச் சின்னம்மை முன்பே வந்து போயிருப்பதால் அவளுடைய எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே குழந்தையிடம் போய்க்கொண்டிருக்கும்.

குழந்தையைப் பற்றிய இவ்வளவு கவலைக்கு நடுவில் மறந்துபோவது தாயை. சின்னம்மை பெரியவர்களைத் தாக்கும்போது அதன் குணமே மாறிவிடுகிறது. கர்ப்பிணியாக இருந்தால் நுரையீரலைப் பிடிக்கும் அபாயம் உண்டு. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பர்யானியும் ஆன் ஆர்வினும் 1986இல் 43 கர்ப்பிணிகளைப் பற்றி எழுதினார்கள். நான்கு பேருக்கு நிமோனியா வந்தது, ஒருவர் இறந்துபோனார். மருந்தில்லாத காலத்தில் நிமோனியா வந்த கர்ப்பிணிகளில் பத்தில் நால்வர் இறந்ததாகப் பழைய தொகுப்புகள் சொல்கின்றன. புகைபிடிக்கும் பழக்கம், ஏற்கெனவே நுரையீரல் நோய், நூறுக்கு மேல் கொப்புளம், கர்ப்பத்தின் பிற்பகுதி: இவை இருந்தால் மருத்துவர்கள் கூடுதலாக உஷாராவார்கள். வயிறு பெரிதாகி உதரவிதானத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் ஏழாம் எட்டாம் மாதத்தில் நுரையீரலுக்கு விரிய இடம் குறைவு. அம்மை வந்த மூன்றாம் நான்காம் நாளில் இருமலோ மூச்சிரைப்போ வந்தால், குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்படுவதற்கு முன் தாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

குளிர் நாடுகளில் வளர்ந்த பெண்களுக்கு இந்த ஆபத்து ஒருவகையில் குறைவு. அங்கே பத்து வயதுக்குள் பெரும்பாலோருக்குச் சின்னம்மை வந்து போய்விடுவது வழக்கமாக இருந்தது. இளம்பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எதிர்ப்பு சக்தியோடுதான் கர்ப்பம் தரிப்பார்கள். வெப்ப நாடுகளில் இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வேங்கிடராமனும் ஜேக்கப் ஜானும் தங்கள் மருத்துவமனையின் ஊழியர்களிடமும் மாணவர்களிடமும் சின்னம்மை பரவுவதை ஆராய்ந்து 1984இல் எழுதினார்கள்: வளர்ந்த இளைஞர்களிடையே நோய் தாராளமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. இலங்கையிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இதே கதைதான். வைரஸ் வெப்பத்தைத் தாங்காததால் இப்படி என்கிறார்கள் சிலர். மக்கள் வாழும் விதம்தான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். காரணம் எதுவானாலும், கல்யாண வயதில் சின்னம்மை வராத பெண்கள் நம்மிடையே கணிசம்.

அவர்கள் கர்ப்பமாகி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரும் காலத்தை நினைத்துப் பார்க்கலாம். அம்மை பரவும் பருவம் தை மாதம் தாண்டி வெயில் ஏறும் மாதங்கள். வீடு நிறைய அக்கா பிள்ளைகளும் அண்ணன் பிள்ளைகளும். ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, அவனை ஒரு மூலையில் பாயைப் போட்டுப் படுக்க வைத்து, வெளியாட்களை உள்ளே விடாமல் கட்டுப்பாடாகத்தான் இருப்பார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அந்தப் பிள்ளை வைரஸைப் பரப்பிக்கொண்டிருந்திருப்பான். ஒரே வீட்டில், எதிர்ப்பு சக்தி இல்லாதவர்களில் பத்தில் எட்டொன்பது பேருக்கு இது தொற்றும். வேப்பிலையும் இளநீரும் மோரும் யாருக்கும் கேடு செய்ததில்லை. கேடு செய்வது, அம்மன் இறங்கியிருக்கும்போது மருந்து கொடுக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம் என்ற முடிவு. தலைக்கு ஊற்றும் நாள் வருவதற்குள் மருந்துக்கான நாள் போய்விடும்.

அசைக்ளோவிர் மாத்திரை கொப்புளம் தோன்றி 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன். 800 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் என்பது பெரியவர்களுக்கான வழக்கமான அளவு. நிமோனியா என்றால் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். கெர்ட்ரூட் எலியன் குழுவினரின் ஆய்வுக்கூடத்தில் உருவான இந்த மருந்தின் சாமர்த்தியம், வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனால்தான் அது வேலை செய்யத் தொடங்கும் என்பது. வைரஸின் சொந்த நொதி ஒன்றுதான் அதைத் தூண்டிவிடுகிறது. நல்ல செல்களில் பெரும்பாலும் சும்மா கிடக்கும். 1984 முதல் 1999 வரை, கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்ட பெண்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். பிறவிக் குறைகள் கூடியதாக அதில் தெரியவில்லை. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடாது.

கொப்புளம் வருவதற்கு முன்பே, அம்மை வந்த பிள்ளையோடு ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்துவிட்டோம் என்று தெரிந்தால் செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. சிறுவயதில் வந்து போனது நினைவில்லாத பலருக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். இருந்தால் அத்தோடு விஷயம் முடிந்தது. இல்லையென்றால் பத்து நாளுக்குள் எதிர்ப்பொருள் ஊசி. நம்மூரில் இது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். பிரிட்டனில் இப்போது கர்ப்பிணிகளுக்கு ஊசிக்குப் பதிலாக, தொற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வைரஸ் எதிர்ப்பு மாத்திரையே கொடுக்கிறார்கள். பிரசவ நேரத்தில் தாய்க்கு அம்மை வந்தால், அவசரம் இல்லாத பட்சத்தில் பிரசவத்தை ஒரு வாரம் தள்ளிப்போடப் பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் போய்ச் சேர அந்த அவகாசம் போதும். தள்ள முடியாவிட்டால் குழந்தைக்குப் பிறந்தவுடன் எதிர்ப்பொருள் ஊசி. அது நோயை முழுக்கத் தடுப்பதில்லை, ஊசி போட்ட குழந்தைகளிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வருகிறது. வருவது பெரும்பாலும் லேசாக வருகிறது. தாய்ப்பாலைப் பற்றிப் பயம் வேண்டாம். மார்புக் காம்பை ஒட்டிக் கொப்புளம் இருந்தால் ஆறும் வரை பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம்.

இவ்வளவு நாட்கணக்கும் தேவைப்படாமல் செய்ய ஒரு வழி 1974இலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகஹாஷியின் மூன்று வயது மகனுக்கு 1964இல் கடுமையான சின்னம்மை வந்தது. மகன் பிழைத்தான், தகஹாஷி ஒசாகாவுக்குத் திரும்பி, வேறொரு சிறுவனின் கொப்புள நீரிலிருந்து எடுத்த வைரஸை மனித செல்களிலும் கினிப்பன்றிக் கருவின் செல்களிலும் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார். அதுதான் இன்று உலகம் முழுக்கப் போடப்படும் தடுப்பூசி. 1995 முதல் அமெரிக்கா அதை எல்லாக் குழந்தைகளுக்கும் போடத் தொடங்கியது. ஒரு வயது முடிந்த பிறகுதான் போடுவார்கள். ஆனாலும் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள், ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தைகளிடமும் நோய் சுமார் 90 சதவீதம் குறைந்தது. சுற்றியிருக்கும் பிள்ளைகளுக்கு வராததால் தொட்டிலுக்கும் வரவில்லை.

இந்தியாவின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சின்னம்மை இன்னும் இல்லை. தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்வதுதான் வழி. கல்யாணமான பெண்ணுக்கு அம்மை வந்ததில்லை என்றால் கர்ப்பத்துக்கு முன்பே எதிர்ப்பொருள் பார்த்துப் போட்டுக்கொள்வது உத்தமம். ஊசிக்குப் பிறகு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பத்தின்போது இந்த ஊசி கூடாது. தெரியாமல் போட்டுக்கொண்டவர்களை அமெரிக்காவில் 18 ஆண்டுகள் பதிவேட்டில் வைத்துக் கவனித்ததில், பிறவிச் சின்னம்மைப் பாதிப்போடு ஒரு குழந்தையும் பிறக்கவில்லை. ஆகவே தவறிப் போட்டுவிட்டதற்காகக் கருவைக் கலைக்க வேண்டிய அவசியம் இல்லை. கர்ப்ப காலச் சோதனையில் எதிர்ப்பொருள் இல்லை என்று தெரிந்தவர்கள் பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் முதல் தவணையைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாம் தவணை நான்கு முதல் எட்டு வாரம் கழித்து. பாலூட்டிக்கொண்டிருப்பது இதற்குத் தடையில்லை.